8 நாய்கள், 27 பூனைகள், ஒரு பொய்ச் சான்றிதழ்

2015 மே 30 அன்று கெய்ரோவிலிருந்து கிளம்பிய 8 நாய்களும் 27 பூனைகளும் நியூயார்க்கின் ஜே.எஃப்.கே. விமான நிலையத்தில் வந்து இறங்கின. எகிப்தில் மீட்கப்பட்டு, அமெரிக்காவில் தத்துக் கொடுப்பதற்காக மீட்பு அமைப்புகள் வரவழைத்த விலங்குகள் அவை. அவற்றில் வளர்ந்த பெண் நாய் ஒன்றுக்கு இடது முன்னங்கால் முறிந்திருந்தது. எலும்பு இன்னும் ஒட்டவில்லை. அண்மைக்காலம் வரை கெய்ரோ தெருவில் திரிந்த நாய். ரேபிஸ் எனப்படும் வெறிநோய்க்குத் தடுப்பூசி போட்டதாகச் சான்றிதழ் இருந்தது. தேதிகள் விதிக்குப் பொருந்தின. உள்ளே விட்டுவிட்டார்கள்.

விலங்குகள் நியூ ஜெர்சி, பென்சில்வேனியா, மேரிலாந்து, வர்ஜீனியா என்று பிரிந்து போயின. சில நேராகத் தத்தெடுத்தவர் வீட்டுக்கு, சில தற்காலிகப் பராமரிப்பு வீடுகளுக்கு. கால் முறிந்த நாய் வர்ஜீனியாவில் ஒரு பராமரிப்பு வீட்டில் தங்கியது. ஜூன் 3 அன்று அதற்கு எச்சில் வழியத் தொடங்கியது. பக்கவாதம் வந்தது. தொடுதலும் சத்தமும் தாங்க முடியாத அளவுக்கு உடம்பு கூச்சம் கண்டது. அடுத்த சில நாள்களுக்குள் அதைக் கருணைக்கொலை செய்தார்கள். ஜூன் 8 அன்று மாநில ஆய்வகம் மூளைத் திசுவைச் சோதித்து ரேபிஸ் என்று உறுதி செய்தது. வைரஸின் மரபணு வரிசையைப் பார்த்தபோது, எகிப்து நாய்களிடம் சுற்றிவரும் வகை அது என்று தெரிந்தது. விசாரணையில் இன்னொன்றும் வெளிவந்தது: நாயை உள்ளே கொண்டுவருவதற்காகவே சான்றிதழைத் திட்டமிட்டுத் திரித்திருந்தார்கள்.

விமானம் இறங்கியதிலிருந்து ஆய்வக முடிவு வரை மொத்தம் 9 நாள். இந்த 9 நாளைத்தான் இங்கே பிரித்துப் பார்க்கப் போகிறேன். செல்லப்பிராணிகளை நாடு விட்டு நாடு கொண்டுபோவதில் தப்பாகப் போகக்கூடியவற்றில் பெரும்பாலானவை இந்த ஒரு நாயின் கதைக்குள் இருக்கின்றன. மற்றவற்றையும் இதைப் பிடித்துக்கொண்டே பேசிவிடலாம்.

தேதியைப் பின்னோக்கி எண்ணினால்

ரேபிஸ் வந்த நாய், நோய்க்குறி வெளியே தெரிவதற்கு 10 நாள் முன்பிருந்தே எச்சிலில் வைரஸை வெளிவிடக் கூடும். நாய் கடித்தால் அந்த நாயை 10 நாள் கண்காணிக்கச் சொல்வது இதனால்தான். வர்ஜீனியா நாய்க்குக் குறி தெரிந்தது ஜூன் 3. அதிலிருந்து 10 நாள் பின்னே போனால் மே 24. அதாவது கெய்ரோவில் கூண்டில் ஏற்றியபோது, விமானத்தில் இருந்தபோது, நியூயார்க்கில் இறக்கியபோது, வண்டியில் வர்ஜீனியா போனபோது என்று எல்லா நேரத்திலும் அது தொற்றக்கூடிய நிலையில் இருந்திருக்கலாம். கூண்டுக்குள் கை விட்டவர், தண்ணீர் வைத்தவர், காலைச் சோதித்தவர், கொஞ்சியவர் ஆகிய எல்லோரையும் தேடிப் பிடிக்க வேண்டும். கடைசியில் 18 பேருக்கு ரேபிஸ் தடுப்புச் சிகிச்சை பரிந்துரைக்கப்பட்டது. அறிகுறி வந்துவிட்டால் ரேபிஸுக்கு மருந்து கிடையாது. ஆகவே 'பட்டிருக்குமோ' என்ற சந்தேகம் வந்தாலே ஊசி போட்டுக்கொள்ளத்தான் வேண்டும்.

இன்னொரு எண்ணும் முக்கியம்: 30. அப்போதைய அமெரிக்க விதிப்படி, ரேபிஸ் பரவலாக உள்ள நாட்டிலிருந்து வரும் நாய்க்குப் பயணத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்பே தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். தெருவிலிருந்து அண்மையில் எடுத்த நாய்க்கு அந்த 30 நாள் பெரிய தடை. கூண்டு, தீனி, இடம், ஆள் என்று எல்லாம் செலவு. மறுபக்கம், தத்தெடுக்க ஒரு குடும்பம் காத்திருக்கும். இந்த இடத்தில்தான் கை நடுங்காமல் ஒரு பழைய தேதி எழுதப்படுகிறது.

பொய்த் தேதி எழுதுபவர் பொதுவாகக் கெட்ட எண்ணத்தோடு எழுதுவதில்லை என்பதே இந்தத் துறையின் சங்கடம். நாய் நன்றாகத்தானே இருக்கிறது, இன்று போட்ட ஊசியை ஒரு மாதம் முன்பு போட்டதாக எழுதினால் யாருக்கு என்ன நஷ்டம் என்று அவருக்குத் தோன்றுகிறது. அந்த ஒரு மாதம் ஏன் கேட்கப்படுகிறது என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை.

காத்திருப்பு எதற்கு?

ஊசி போட்ட மறுநாளே உடம்பில் எதிர்ப்பு சக்தி வந்துவிடாது, அதற்குச் சில வாரம் பிடிக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்த காரணம். அதிகம் தெரியாத காரணம் ஒன்று உண்டு. ரேபிஸ் வைரஸ் கடிவாயிலிருந்து நரம்பு வழியாக மெல்ல மூளைக்கு ஏறும். வாரக்கணக்கில், சில நேரம் மாதக்கணக்கில் எந்தக் குறியும் இருக்காது. நாய் ஓடும், சாப்பிடும், வாலாட்டும். அந்த இடைவெளியில் தடுப்பூசி போட்டாலும் ஏற்கெனவே புகுந்த வைரஸை அது நிறுத்தும் என்று நம்ப முடியாது. உயிரோடிருக்கும் நாயிடம் 'இதற்குள் ரேபிஸ் அடைகாத்துக்கொண்டிருக்கிறதா' என்று கண்டுபிடிக்க நம்பகமான சோதனையும் இல்லை. மிஞ்சுவது ஒன்றே ஒன்று: காத்திருந்து பார்ப்பது. தொற்று இருந்தால் அது புறப்பட்ட நாட்டிலேயே வெளிப்படட்டும் என்பதுதான் கணக்கு.

ஐரோப்பிய ஒன்றியத்தின் விதியை இந்தக் கண்ணோடு படித்தால் அது அலுவலகத் தொல்லையாகத் தோன்றாது. முதலில் மைக்ரோசிப், அதாவது தோலுக்கடியில் செலுத்தும் அடையாள எண் சில்லு. அதன்பிறகு, குட்டிக்கு 12 வாரம் நிறைந்தபின் ரேபிஸ் தடுப்பூசி. ரேபிஸ் அபாயம் குறைவு என்று ஒன்றியம் வைத்திருக்கும் பட்டியலில் இல்லாத நாட்டிலிருந்து வருவதானால், ஊசி போட்டுக் குறைந்தது 30 நாள் கழித்து ரத்தம் எடுத்து, அங்கீகரிக்கப்பட்ட ஆய்வகத்தில் எதிர்ப்புப்பொருள் அளவு ஒரு மில்லிலிட்டருக்கு 0.5 சர்வதேச அலகு அல்லது அதற்கு மேல் இருப்பதாகக் காட்ட வேண்டும். ரத்தம் எடுத்த நாளிலிருந்து மேலும் 3 மாதம் காத்திருக்க வேண்டும். கூட்டிப் பார்த்தால் குட்டிக்கு ஏறக்குறைய 7 மாதம் ஆகிவிடும். ரத்தத்தில் அளவு சரியாக வந்த பிறகு எதற்கு இன்னும் 3 மாதம் என்று நிறையப் பேர் எரிச்சலோடு கேட்பார்கள். ரத்தப் பரிசோதனை, தடுப்பூசி வேலை செய்ததா என்று மட்டும் சொல்கிறது. ஊசிக்கு முன்பே நாய் கடிபட்டிருந்ததா என்பதை அந்த 3 மாதம்தான் சொல்லும்.

மைக்ரோசிப் முதலில் என்று சொல்வதும் இதே போலத்தான். சிப் போடும் முன் போட்ட ஊசி கணக்கில் வராது. காரணம் எளிது: எந்த நாய்க்கு ஊசி போட்டோம் என்று காட்ட வழியில்லை. மஞ்சள் நிற, நடுத்தர உயர, ஆண் நாய் என்று எழுதிய சான்றிதழ் எத்தனை நாய்க்குப் பொருந்தும் என்று யோசித்துப் பாருங்கள். நான் பார்த்த வரையில், ஒழுங்காக நடந்துகொள்ளும் குடும்பங்கள் சிக்கிக்கொள்வது பொய்யால் அல்ல, இந்த வரிசையால். ஊசி எல்லாம் முறையாகப் போட்டிருப்பார்கள். சிப் மட்டும் பயணம் முடிவான பிறகு கடைசியில் போட்டிருப்பார்கள். அப்புறம் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

அதே கதை, மூன்று முறை

வர்ஜீனியா நிகழ்வுக்குப் பிறகும் கதை நிற்கவில்லை. 2017-இல் எகிப்திலிருந்து வந்த இன்னொரு நாய்க்கு அமெரிக்காவில் ரேபிஸ் உறுதியானது. 2019 ஜனவரி இறுதியில் எகிப்திலிருந்து 26 நாய்கள் கான்சஸ் மாநில மீட்பு அமைப்பு ஒன்றின் வழியாக வந்தன. பிப்ரவரியில் அவற்றில் ஒன்றுக்கு ரேபிஸ். 44 பேர் தடுப்புச் சிகிச்சை எடுத்துக்கொண்டார்கள். இந்த முறை தடுப்பூசிச் சான்றிதழ் மட்டுமல்ல, எதிர்ப்புப்பொருள் அளவு நன்றாக இருப்பதாக எகிப்து ஆய்வகம் ஒன்று கொடுத்த ரத்தப் பரிசோதனை முடிவும் கூடவே வந்திருந்தது. அந்த ஆண்டு மே மாதம் அமெரிக்கா எகிப்திலிருந்து நாய் வருவதை நிறுத்திவைத்தது.

2021 ஜூன் 10 அன்று அஜர்பைஜானிலிருந்து 33 நாய்களும் ஒரு பூனையும் சிகாகோவில் இறங்கின. விலங்குகள் 9 மாநிலங்களுக்குப் பிரிந்தன. பென்சில்வேனியாவுக்குப் போன நாய்க்கு மூன்றே நாளில் நோய்க்குறி தெரிந்தது. ஜூன் 16 அன்று ரேபிஸ் உறுதியானது. ஒரு நாடு என்று பார்த்துத் தடை போட்டால் சிக்கல் இன்னொரு நாட்டிலிருந்து வரும் என்பது அப்போது தெளிவானது. அதற்கு முந்தைய ஆண்டே, 2020-இல், குறைபாடான அல்லது போலியான ரேபிஸ் சான்றிதழோடு வந்த 450-க்கும் மேற்பட்ட நாய்களை அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி. கண்டுபிடித்திருந்தது. 2021 ஜூலை 14 முதல் 113 நாடுகளிலிருந்து நாய் கொண்டுவருவதை அது நிறுத்திவைத்தது.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று: அமெரிக்கா நாய்வகை ரேபிஸ் ஒழிந்த நாடு என்று 2007-இல் அறிவிக்கப்பட்டது. ராக்கூன், ஸ்கங்க், வௌவால் ஆகியவற்றிடம் ரேபிஸ் இன்னும் இருக்கிறது. நாயிலிருந்து நாய்க்குப் பரவும் வகை மட்டும் போய்விட்டது. பல பத்தாண்டு உழைப்பில் விரட்டியதைத் திரும்பக் கொண்டுவர ஒரு கூண்டு போதும்.

ஐரோப்பாவிலும் இதே பாடம்தான், கொஞ்சம் வேறு வழியில். 2004 கோடையில் மொராக்கோவிலிருந்து ஒரு குட்டி நாயை ஸ்பெயின் வழியாகக் காரில் பிரான்சின் போர்தோ பகுதிக்குக் கொண்டுவந்தார்கள். தடுப்பூசி இல்லை, தாளும் இல்லை. குட்டி கோடை விழாக் கூட்டங்களில் கயிறின்றி அலைந்தது. பிறகு ரேபிஸில் செத்தது. விழாவில் அந்தக் குட்டியைத் தடவிக்கொடுத்தவர் யார் யார் என்று எங்கே போய்த் தேடுவது? பத்திரிகையிலும் தொலைக்காட்சியிலும் நாயின் படத்தைப் போட்டுத்தான் தேடினார்கள். 2008-இல் பிரான்சில் மீண்டும் மொராக்கோ தொடர்புள்ள நாய் ரேபிஸ். அந்த முறை நாடு தன் ரேபிஸ் இல்லாத நிலையையே இழந்து, 2010-இல்தான் திரும்பப் பெற்றது. 2012-இல் மொராக்கோவில் வாங்கிய ஒரு குட்டி ஸ்பெயின் வழியாக ஆம்ஸ்டர்டாம் வந்தது. 40-க்கும் மேற்பட்டவர்களுக்குச் சிகிச்சை தர வேண்டியதாயிற்று. 2004-இலும் 2012-இலும் குட்டியைக் கொண்டுவந்தவர்கள் கடத்தல்காரர்கள் அல்ல. பயணத்தில் பார்த்த குட்டி மேல் ஆசை வந்தவர்கள்.

முறிந்த கால்

வர்ஜீனியா நாயின் காலுக்குத் திரும்புவோம். பெரும்பாலான பேச்சு சான்றிதழோடு முடிந்துவிடுகிறது. எனக்கோ அந்தக் கால்தான் கண்ணை உறுத்துகிறது.

எலும்பு கூடாத நாயைப் பெட்டிக் கூண்டில் வைத்துக் கண்டம் தாண்டிக் கொண்டுபோகலாமா? நாய் கூண்டுக்குள் நிற்க, திரும்ப, இயல்பாகப் படுக்க இடம் வேண்டும் என்பது சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கத்தின் உயிர்விலங்கு விதி. முன்னங்கால் ஊன்ற முடியாத நாய்க்கு இந்த மூன்றுமே வேதனை. ஏற்றும்போதும் இறக்கும்போதும் கூண்டு சாயும், குலுங்கும். அது சமநிலைக்கு எதை ஊன்றும்? பயணத்துக்குத் தகுதியானதா என்று ஒரு கால்நடை மருத்துவர் பார்ப்பதற்குத்தான் சான்றிதழ். அந்தக் கேள்விக்கு இந்த நாயின் உடம்பு சொன்ன பதில் யார் கண்ணுக்கும் தெரியும்படி இருந்தது. தடுப்பூசித் தேதியை எல்லோரும் படித்தார்கள், காலை யாரும் படிக்கவில்லை.

நோயறிதலிலும் ஒரு ஆபத்து இருக்கிறது. ஏற்கெனவே அடிபட்ட விலங்கு சோர்ந்து கிடந்தால், சீறினால், தொட்டால் துடித்தால், எல்லாப் பழியும் காயத்தின் மேல் போகும். 'பயணக் களைப்பு', 'புது வீடு', 'வலி'. வெளிநாட்டிலிருந்து வந்து சில வாரமே ஆன விலங்கு நடத்தை மாறினால், எங்கிருந்து வந்தது என்பதைக் கால்நடை மருத்துவரிடம் முதல் வாக்கியத்திலேயே சொல்ல வேண்டும். கேட்டால் சொல்லலாம் என்று வைத்திருக்கக் கூடாது.

அந்த 27 பூனைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. பூனைக்கும் ரேபிஸ் வரும். ஆனால் அமெரிக்காவில் நுழையும் பூனைக்கு சி.டி.சி. ரேபிஸ் சான்றிதழ் கேட்பதில்லை. இந்த நிகழ்வில் பொய்ச் சொன்னது நாயின் தாள். பூனைகளுக்கோ அந்த மட்டத்தில் பொய் சொல்ல வேண்டிய அவசியமே இருந்திருக்காது.

கூண்டுக்குள் நடப்பது

நலம் என்று பேசும்போது விமானத்தின் சரக்கு அறை பற்றி எல்லோரும் பயப்படுகிறார்கள். பறக்கும்போது விலங்கு இருக்கும் அறையில் காற்றழுத்தமும் வெப்பமும் கட்டுப்பாட்டில் இருக்கும். உண்மையான ஆபத்து பெரும்பாலும் தரையில்: ஓடுதளத்தின் ஓரம் வெயிலில் நிற்கும் கூண்டு, தாமதமான இணைப்பு விமானம், ஏற்ற வந்த வண்டி வராமல் போவது. அமெரிக்க விலங்கு நலச் சட்டத்தின் கீழ் உள்ள விதிகள், விலங்கை விமானத்துக்குக் கொண்டுபோகும்போதும் வரும்போதும் 29.5 டிகிரி செல்சியஸுக்கு மேல் உள்ள வெப்பத்தில் 45 நிமிடத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்கின்றன. அந்த 45 நிமிடத்தின் மதிப்பு மூக்கு நீளத்தைப் பொறுத்தது.

நாய் உடம்பு சூட்டைத் தணிப்பது முக்கியமாக வாயைத் திறந்து மூச்சிளைப்பதன் மூலம். பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு மூச்சுப் பாதையே குறுகல். இளைக்க இளைக்கத் தொண்டை வீங்கும், இன்னும் இளைக்கும், இன்னும் சூடேறும். 2005 மே முதல் 2010 மே வரை அமெரிக்க விமான நிறுவனங்கள் பதிவு செய்த நாய் இறப்புகள் 122. அவற்றில் ஏறத்தாழப் பாதி சப்பை மூக்கு இனங்கள். ஆங்கில புல்டாக் மட்டும் 25. இந்தப் புள்ளிவிவரத்தை அமெரிக்கப் போக்குவரத்துத் துறை 2010-இல் வெளியிட்டது. இந்த இனங்களைச் சரக்கு அறையில் ஏற்றுவதில்லை என்று பல விமான நிறுவனங்கள் வைத்திருக்கும் விதியைக் கேட்டு உரிமையாளர்கள் கோபப்படுகிறார்கள். அந்தக் கோபத்தில் எனக்கு உடன்பாடில்லை.

அப்புறம் மயக்க மருந்து. 'பாவம், பயப்படும், தூங்கட்டும்' என்று மாத்திரை கேட்பவர்கள் நிறைய. அசெப்ரோமசின் போன்ற மருந்துகள் ரத்த அழுத்தத்தைக் குறைக்கும், உடல் வெப்பத்தைச் சீராக்கும் திறனைக் கெடுக்கும், கூண்டு சாயும்போது காலை ஊன்றி நிற்கவிடாது. ஏதாவது ஆனால் கவனிக்கப் பக்கத்தில் ஆள் இருக்காது. பீகிள் நாய்களை விமானத்தில் ஏற்றிச் செய்த ஓர் ஆய்வில் இந்த மருந்து பதற்றத்தைக் குறைக்கவில்லை. இதயத்துடிப்பு அதிகமாக இருந்ததும் பறக்கும்போது அல்ல, ஏற்றி இறக்கும்போது. மாத்திரையை விடப் பயணத்துக்குப் பல வாரம் முன்பே கூண்டை வீட்டில் திறந்து வைத்து, அதற்குள்ளேயே சாப்பாடு வைத்து, அதைப் படுக்கையாக்கிவிடுவது பலன் தரும். சலிப்பான வேலை. அதனாலேயே யாரும் செய்வதில்லை.

பூனையின் கதை வேறு. அது விமானத்தில் அநேகமாக அமைதியாக ஒடுங்கிக் கிடக்கும். பிரச்சினை போய்ச் சேர்ந்த பிறகு. சாப்பிட மறுக்கும். பருத்த பூனை சில நாள் பட்டினி கிடந்தாலே கல்லீரலில் கொழுப்பு படிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். பதற்றத்தில் சிறுநீர்ப்பை அழற்சி வரும். ஆண் பூனைக்குச் சிறுநீர் அடைத்துவிட்டால் அது அவசர நிலை. குட்டியில் வந்து அடங்கிய ஹெர்பிஸ் வைரஸ் மறுபடி எழுந்து கண்ணும் மூக்கும் ஒழுகும். போய் இறங்கிய முதல் இரண்டு நாளில் பூனை எவ்வளவு சாப்பிட்டது, எத்தனை முறை சிறுநீர் போனது என்று எழுதி வைப்பது எந்தச் சான்றிதழையும் விடப் பயன்படும்.

ரேபிஸ் தவிர மற்ற சாமான்கள்

ரேபிஸுக்காவது தாள் கேட்கிறார்கள். மற்றவை பெரும்பாலும் கேட்காமலே எல்லை தாண்டுகின்றன.

பிரிட்டன் 2000-ஆம் ஆண்டு செல்லப்பிராணிப் பயணத் திட்டத்தைத் தொடங்கி, ஆறு மாதக் கட்டாயத் தனிமைப்படுத்தலைத் தளர்த்தியது. அப்போது உண்ணி மருந்தும் கட்டாயமாக இருந்தது. 2012 ஜனவரியில் ஐரோப்பிய விதிகளோடு ஒத்துப்போக உண்ணி மருந்துக் கட்டாயம் போனது. 2015-16 குளிர்காலத்தில் எசெக்ஸ் மாவட்டத்தின் ஹார்லோ நகரில், வெளிநாடே போகாத நாய்களுக்கு பபேசியா கேனிஸ் வந்தது. சிவப்பணுக்களை உடைக்கும் நோய், உண்ணியால் பரவுவது. அதைப் பரப்பக்கூடிய உண்ணி இனம் பிரிட்டனின் சில பகுதிகளில் முன்பே இருந்தது. நோய்க்கிருமி மட்டும்தான் வெளியிலிருந்து வர வேண்டியிருந்தது. ஒரு விதியை எடுத்ததால்தான் வந்தது என்று நேர்கோடு போட முடியாது. ஆனால் அந்த விதி தடுக்க நினைத்தது இதைத்தான்.

லீஷ்மேனியா இன்னும் பொறுமைசாலி. மணல் ஈ கடித்துப் பரவும் இந்த ஒட்டுண்ணி, நாய்க்குள் மாதங்கள், சில நேரம் ஆண்டுகள் அடங்கிக் கிடக்கும். மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து நல்ல உடம்போடு வந்த நாய்க்கு இரண்டாம் ஆண்டில் முடி கொட்டும், நகம் நீளும், சிறுநீரகம் கெடும். மணல் ஈ இல்லாத குளிர்நாட்டில் பரவாது என்று ஆறுதல் சொல்வார்கள். 1999-இல் நியூயார்க் மாநிலத்தில் ஒரு வேட்டைநாய்க் கொட்டிலில் அது பரவியிருப்பது தெரிந்தது. பிறகு பார்த்தால் தாயிடமிருந்து குட்டிக்கே போகிறது.

புரூசெல்லா கேனிஸ் என்ற பாக்டீரியா தொற்றிய நாயைப் பற்றித்தான் உரிமையாளரிடம் பேசுவது மிகக் கடினம். கருச்சிதைவு, மலட்டுத்தன்மை, முதுகெலும்பு வலி என்று வரும். பல நாய்களுக்கு எதுவுமே தெரியாது. நுண்ணுயிர்க்கொல்லி அடக்கும், வேரோடு எடுக்காது. பிரிட்டனில் 2020-க்குப் பிறகு இந்தத் தொற்று ஏறியது. அதில் ருமேனியாவிலிருந்து மீட்டுக் கொண்டுவந்த நாய்களின் பங்கு பெரிது. 2022-இல் அங்கே நாயிடமிருந்து மனிதருக்குத் தொற்றியது முதல்முறையாக உறுதியானது. தொற்றை முற்றாக நீக்குவதற்கு இருக்கும் ஒரே உறுதியான வழி கருணைக்கொலை என்று, நாயைக் காப்பாற்றினோம் என்ற மகிழ்ச்சியில் இருக்கும் குடும்பத்திடம் யார் சொல்வது? புறப்படும் முன் ஒரு ரத்தச் சோதனை செய்திருந்தால் இந்தப் பேச்சே வேறு இடத்தில், வேறு விதமாக நடந்திருக்கும்.

2015 வசந்தத்தில் சிகாகோ பகுதி நாய்களிடம் பரவிய எச்3என்2 காய்ச்சல் வைரஸ், கொரியாவிலும் சீனாவிலும் இருந்த வகையோடு நெருக்கமானது. 2018-இல் தென்கொரியாவிலிருந்து வட அமெரிக்கா வந்த ஒரு மீட்பு நாயிடம் அங்கே அதுவரை காணாத ஆசிய வகை டிஸ்டெம்பர் (நாய்களுக்கு வரும் கொடிய வைரஸ் நோய்) இருந்தது. நாய்களோடு மட்டும் முடியும் விஷயமும் அல்ல. 2003-இல் கானாவிலிருந்து செல்லப்பிராணிச் சந்தைக்காக டெக்சாஸ் வந்த ஆப்பிரிக்கக் கொறித்துண்ணி வகைகள் புல்வெளி நாய் எனப்படும் அணில் இனத்துக்கு எம்பாக்ஸை (குரங்கம்மை) கொடுத்தன. அந்தப் புல்வெளி நாய்களோடு பழகியவர்களில் 47 பேருக்கு உறுதியான அல்லது பெரும்பாலும் உறுதியான தொற்று.

எல்லாவற்றிலும் ஒரே கடிகாரம்தான் ஓடுகிறது. எல்லையில் ஒரு நாள் பார்க்கிறார்கள். நோய் தன் நாளில் வருகிறது.

கொண்டுபோகாமல் இருப்பது

இங்கே ஒரு கசப்பான கருத்தைச் சொல்லிவிடுகிறேன். மீட்பு என்ற பெயரில் தெரு நாயைக் கண்டம் தாண்டிக் கொண்டுபோவதை நான் பொதுவாக ஆதரிப்பதில்லை. ஒரு நாயின் விமானச் செலவில் அதே தெருவில் எத்தனையோ நாய்களுக்குத் தடுப்பூசியும் கருத்தடையும் செய்யலாம். உலகில் ஆண்டுதோறும் ரேபிஸால் இறப்பவர்கள் ஏறத்தாழ 59,000 பேர். அநேகமாக எல்லோருக்கும் அது நாயிடமிருந்தே வருகிறது. அந்தத் தெருவில் இருப்பவர்களுக்கு, கிளம்பிப் போன ஒரு நாயால் எதுவும் மாறவில்லை.

குடும்பத்தோடு வளர்ந்த விலங்கு என்றால் கதை வேறு. விட்டுவிட்டுப் போ என்று சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. ஆனால் அப்போதும் வயதான, இதய நோயுள்ள, சப்பை மூக்கு விலங்கை நம்பிக்கையான ஒருவரிடம் விட்டுச் செல்வதும் அன்புதான். வீட்டுச் சாமான்களுக்கு ஆறு மாதம் முன்பே திட்டமிடுபவர்கள் நாயை நினைப்பது பயணத்துக்கு ஆறு வாரம் முன்பு. அந்த நேரத்தில் கேட்டால் உண்மையான பதில் 'முடியாது'. அதைக் கேட்க விரும்பாதவருக்குப் 'பார்த்துக்கொள்கிறோம்' என்று சொல்ல ஆள் கிடைக்கும். பொய்த் தேதி பிறப்பது அங்கேதான்.

வர்ஜீனியா நாயை உள்ளே விட்ட அமெரிக்க விதி இப்போது இல்லை. 2024 ஆகஸ்ட் 1 முதல் நாடு எதுவானாலும் நாய்க்கு மைக்ரோசிப் வேண்டும், வரும்போது நோயின்றித் தோன்ற வேண்டும், இறக்குமதிப் படிவம் நிரப்ப வேண்டும். ரேபிஸ் அபாயம் அதிகமுள்ள நாட்டிலிருந்து, அந்நாட்டில் போட்ட ஊசியோடு வருவதானால் இன்னும் கடுமை. இவற்றோடு எல்லா நாய்க்கும் குறைந்தபட்ச வயது 6 மாதம். முதல் பார்வையில் இது குட்டி வியாபாரத்துக்குப் போட்ட கடிவாளம் மட்டும் போலத் தெரியும். ஆனால் நாய்க்கு அந்த வயதை ஒட்டித்தான் பால் பற்கள் விழுந்து நிலைப்பற்கள் வந்து முடிகின்றன. தாளில் எந்தத் தேதி எழுதியிருந்தாலும், எல்லையில் நிற்கும் அதிகாரி நாயின் வாயைத் திறந்து பார்க்கலாம்.